கழுத்துவரை புதைத்த குதிரை

குதிரையின் தலையை அரிந்தவர் நீங்கள். நீங்களே வாளைப் பிடித்தீர்களா, கூலிக்கு ஆள் வைத்து அரிந்தீர்களா என்பது எனக்குத் தெரியாது. எனக்கு இரண்டும் ஒன்றுதான். அரிந்த பிறகு, கோயில் பூசாரி தன் கையால் தந்தார் என்று ஒரு பலகையில் எழுதி, அதற்கு மேலே மின்விளக்கும் பூட்டி வைத்திருக்கிறீர்கள். அந்தப் பூசாரி என் கணவர். அவர் தரவில்லை.

எனக்கு நயமாக எழுத வராது. நெல் விதைப்பேன், கச்சான் கடலை பிடுங்குவேன், மாடு பார்ப்பேன். நீங்கள் ஹோட்டல் நடத்துகிறவர், மேடைகளில் பேசுகிறவர். உங்களைப் போல எழுத நான் முயலவும் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் ஊர் தர்மபுரத்திலிருந்து உள்ளே போகிற கிரவல் பாதையில், ஒரு சின்னக் குளத்துக்குக் கீழே இருக்கிறது. பாதி வீடுகள், காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களுடையவை. மறுபாதி எங்களுடையவை. எங்கள் அப்பாவும் அம்மாவும் தேயிலைத் தோட்டத்தில் லயத்து வீடுகள் எரிய எரிய ஓடிவந்தவர்கள். என் கணவரின் வீட்டாரும் அப்படித்தான். நான் இங்கேதான் பிறந்தேன். என் பேச்சில் மலைநாடு இல்லை. ஆனாலும் கோபம் வந்தால் சிலருக்கு நாங்கள் இன்னும் தோட்டக்காட்டார்தான். இதை ஏன் சொல்கிறேன் என்பது பிறகு விளங்கும்.

குளக்கட்டில் ஐயனார் கோயில் இருக்கிறது. எங்கள் ஐயனாருக்கு உருவம் இல்லை. ஒரு கல், அவ்வளவுதான். வேட்டைத் திருவிழாவுக்கு ஒரு கும்பம் வைத்து, அந்தக் கும்பத்தைக் குதிரை வாகனத்தில் ஏற்றிக் காட்டோரம் வரை கொண்டுபோய் வருவோம். ஆகவே ஊரில் வடிவான பொருள் என்று இருந்தது அந்தக் குதிரை ஒன்றுதான். வைரம் பாய்ந்த முதிரை மரம். ஒரு நாம்பன் கன்றின் அளவு. வெள்ளை உடம்பு, சிவந்த வாய், கழுத்து நெடுகச் சுருள் சுருளாகச் செதுக்கிய பிடரிமயிர். செய்தவர் குடாநாட்டிலிருந்து வந்து, எங்கள் ஊரிலேயே தங்கி, வீட்டுக்கு வீடு சாப்பிட்டுச் செய்தவராம். எங்கள் லயத்து ஆட்கள் அவருக்கு மரம் தூக்கிக் கொடுத்தார்களாம். இரண்டு பகுதிச் சனமும் சேர்ந்து செய்த முதல் வேலை அது என்று அப்பா சொல்லுவார்.

வேட்டை முடிந்து குதிரை திரும்பி வந்ததும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஊறவைத்த பயறு ஒரு சிட்டிகை கொண்டுவந்து அதன் வாயில் வைப்போம். ஓடிக் களைத்த குதிரைக்குத் தீனி. வாயைத் தொண்டை வரை குடைந்திருந்தார்கள். வைக்கிற பயறில் கொஞ்சம் கீழே சிந்தும், கொஞ்சம் உள்ளே போய்விடும். உள்ளே போனால் அந்த வீட்டு வயல் விளையும் என்று பெண்கள் பகிடி விடுவோம். "உன்ர பயறைத் துப்பிப்போட்டுது, நீ இந்தமுறை கச்சான் போடு" என்போம்.

அந்தக் குதிரையைப் படுக்க வைக்க மாட்டோம். எந்தக் காரணத்துக்காகவும். வர்ணம் பூசுகிறவர் வயிற்றுக்குக் கீழே தவழ்ந்துபோய்ப் பூசுவார், சரித்துப் பூச மாட்டார். தூக்கும்போது ஒரு பக்கம் சாய்ந்தால் முழுச் சனமும் கத்தும். படுத்துவிட்டால் அது செத்த குதிரை என்பது எங்கள் நினைப்பு. செத்த குதிரையில் ஐயனார் ஏற மாட்டார். உங்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். இந்த நினைப்பால்தான் உங்களுக்குத் தலை கிடைத்தது.

சண்டை கிட்ட வந்த நாட்களில் சனம் வீட்டு ஓட்டைக் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றியது. கதவு, நிலை, தையல் மெசின் எல்லாம் ஏறின. ஏற்ற முடியாததைப் புதைத்தார்கள். குதிரைக்குப் பெட்டியில் இடமில்லை. என் அண்ணனும் என் கணவரும் அதை அண்ணனின் வளவுக்குள் புதைப்பதென்று முடிவெடுத்தார்கள். மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் கிடங்கு வெட்டத் தொடங்கினார்கள். மத்தியான வெயில். தூரத்தில் செல் குண்டுகள் விழுந்து வெடித்துக்கொண்டிருந்தன. நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

அண்ணன் இடுப்பளவில் மண்வெட்டியை வைத்துவிட்டார்.

"மச்சான், இவ்வளவு காணும். படுக்க வைப்பம்."

"உன்ர மாட்டைப் படுக்க வை. இது நிக்கும்."

"நிக்கிறதெண்டால் கிணறெல்லோ வெட்ட வேணும்."

"வெட்டு."

"செல் விழுகுது. உனக்குக் குதிரை நிக்க வேணும்."

"செல் குதிரைக்கும்தான் விழுகுது. வெட்டு மச்சான்."

வெட்டினார்கள். குளத்துக்குக் கீழ்க் காணி. நெஞ்சளவுக்கு இறங்கியதும் ஊற்று வந்துவிட்டது. சேற்றுத் தண்ணீர் கணுக்காலுக்கு ஏற, அண்ணன் நிமிர்ந்து பார்த்தார்.

"இப்ப என்ன, நீந்த விடுவமோ?"

அதற்கு மேல் ஆழமாக்க முடியாது. குதிரையை இறக்கி நிறுத்தினோம். உடம்பு முழுக்க உள்ளே போய்விட்டது. கழுத்தும் தலையும் நிலத்துக்கு மேலே நின்றன. சுற்றி மண் போட்டு மிதித்தோம். யாரோ ஒருவரைக் கழுத்துவரை புதைத்தது போல இருந்தது.

"இஞ்சேரப்பா, தலை வெளியில நிக்குது. ஆரும் கண்டால்?" என்று கேட்டேன்.

"மேல வைக்கல் போடுவம். வளவுக்குள்ள வைக்கல் கும்பி நிக்கிறது புதினமே? தலை வெளியில இருந்தால் அது மூச்சும் விடும்."

நான் சிரித்துவிட்டேன். அந்த நேரத்திலும் சிரித்தேன். பிறகு மூன்று பேரும் வைக்கோலை அள்ளிப் போட்டுத் தலையை மூடினோம்.

அதன் பிறகு றோட்டில் நடந்ததை இங்கே எழுத மாட்டேன். அது உங்களுக்கு எழுதுகிற விஷயம் இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். என் கணவரின் தலைக்குள் ஒரு இரும்புத்துண்டு ஏறியது. எடுத்தால் ஆள் தப்பாது என்று டாக்குத்தர் சொன்னார். இன்றும் உள்ளேதான் இருக்கிறது. சில நாட்களில் நேற்றுச் சாப்பிட்டதை மறந்துவிடுவார். சில நாட்களில் எல்லாம் சரியாக இருக்கும். காயப்பட்ட புதிதில் எழும்பி இருக்கவே முடியவில்லை. முகாமில் ஒரு தறப்பாளுக்குக் கீழே அவரைச் சரித்து வைத்து நான் கஞ்சி பருக்கினேன். கம்பிவேலிக்கு வெளியே போக எங்களில் ஒருவருக்கும் அனுமதி இல்லை. ஊர் திரும்பும்வரை அவர் என் கண்ணை விட்டு விலகவில்லை. நான் அவரை விட்டு விலகவில்லை.

கண்ணிவெடி எடுத்து முடித்த பிறகுதான் எங்களை ஊருக்குள் விட்டார்கள். கூரை இல்லாத வீடு. ஆள் உயரத்துக்குப் புல். பொருட்களைத் தேடுவதற்கு முன் மூன்று பேரும் மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால்தான் போனோம். வைக்கோல் உக்கிப் போயிருக்கும் என்று நினைத்தோம். உக்கவில்லை. யாரோ அதை வாரி ஒரு பக்கமாகத் தள்ளியிருந்தார்கள்.

கழுத்து இருந்தது. தலை இல்லை.

அண்ணன் குந்தியிருந்து மண்ணைக் கிளறினார். சிதறிக் கிடக்கும் என்று நினைத்தார். நான் கழுத்தின் வெட்டைப் பார்த்தேன். செல் பட்ட மரம் சிம்பு சிம்பாகப் பிளந்திருக்கும். விறகுக்கு வந்தவன் கோடாலியால் கொத்தியிருப்பான், அதோடு உடம்பையும் தோண்டி எடுத்திருப்பான். இது வழுவழுப்பாக, ஒரே மட்டமாக இருந்தது. கோணல் இல்லை. இடையில் நிறுத்திய தடம் இல்லை. அவசரமில்லாமல், ஒருவர் பிடிக்க ஒருவர் மரம் அரிகிற வாளால் அரிந்தது. பக்கத்தில் மரத்தூள் மழையில் ஊறி மண்ணோடு அப்பிக் கிடந்தது.

என் கணவர் கிடங்கின் விளிம்பில் இருந்து அந்த வெட்டை உள்ளங்கையால் தடவினார்.

"ஆரோ வடிவா அரிஞ்சிருக்கிறாங்கள்" என்றார்.

எத்தனையோ சாவைக் கண்டு வந்தவள் நான். அழுது முடிந்தவள். என் சீலைத் தலைப்பால் அந்த மரக்கழுத்தின் வெட்டை மூடினேன். ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை.

உடம்பைத் தோண்டிக் கோயில் கொட்டிலில் கொண்டுபோய் நிறுத்தினோம். பிறகு கதை தொடங்கியது. கிடங்கு இருக்கிற இடம் யாருக்குத் தெரியும்? பூசாரிக்குத் தெரியும், பூசாரியின் மச்சானுக்குத் தெரியும், பூசாரியின் மனைவிக்குத் தெரியும். அப்படியானால் தலை எப்படிப் போகும்? தண்ணீர்க்குழாயில் நிற்கும்போது முன்வீட்டுக்காரி கேட்டாள்.

"அக்கா, தலை நடந்து போயிருக்குமோ?"

"கால் இங்கதானே நிக்குது. எப்பிடியடி நடக்கும்?" என்றேன். அவள் சிரித்தாள். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

கோயில் சபைக் கூட்டத்தில் ஒருவர் நேராகவே சொன்னார். "தோட்டக்காட்டானிட்டத் திறப்பைக் குடுத்தால் இப்பிடித்தான் முடியும்." என் கணவர் எழும்பிப் போய்க் கோயில் திறப்புக் கொத்தை மேசையில் வைத்துவிட்டு வந்தார். சண்டை பிடிக்கவில்லை. நான் பிடித்தேன். ஒரு பிரயோசனமும் இல்லை.

முதல் வருடத் திருவிழாவுக்குத் தலையில்லாத குதிரையில்தான் கும்பம் போனது. கழுத்தில் கமுகம்பூவைக் கட்டி மறைத்தார்கள். திரும்பி வந்ததும் சனம் வழக்கப்படி பயறு கொண்டு வந்தது. வைக்க வாய் இல்லை. ஒரு மனிசி வெட்டின் மேல் வைத்தாள். அது உருண்டு விழுந்தது. அடுத்தவளும் வைத்தாள். அதுவும் விழுந்தது. மற்றவர்கள் பயறை முந்தானையில் முடிந்துகொண்டு திரும்பிப் போனார்கள். அடுத்த வருடம் ஒருவரும் கொண்டுவரவில்லை. கும்பம் உழவு இயந்திரத்தில் போனது. என் கணவர் ஆட்களுக்குப் பின்னால், வேலியோரத்தில் நின்று கும்பிட்டார். ஒவ்வொரு வருடமும் அங்கேதான் நிற்கிறார்.

இந்த வருடம் அண்ணனின் மகள் கைத்தொலைபேசியோடு வந்தாள். கொழும்பில் ஒரு ஹோட்டலில் அவளுடைய சிநேகிதியின் கலியாணம், படங்கள் வந்திருந்தன.

"மாமி, இந்தக் குதிரையைப் பாருங்கோ."

பொம்பிளையும் மாப்பிளையும் ஒரு சுவரோடு சாய்ந்து நிற்கிறார்கள். சுவரில் குதிரைத் தலை. பொம்பிளை அதன் காதைப் பிடித்துச் சிரிக்கிறாள். வெள்ளை. சிவந்த வாய். சுருள் சுருளான பிடரி. நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். களைந்து முடித்தேன். உலையில் போட்டேன். அதற்குப் பிறகுதான் கையைத் துடைத்துவிட்டுப் படத்தைத் திரும்பவும் வாங்கிப் பார்த்தேன்.

நானும் அண்ணனும் பஸ் ஏறினோம். என் கணவர் வரவில்லை. "நான் வந்தால் கத்துவன். நீங்கள் ரெண்டு பேரும் போட்டு வாங்கோ" என்றார்.

உங்கள் ஹோட்டலுக்குள் அவ்வளவு குளிர். ஊதுபத்தி வாசம். வெள்ளைக்காரர் இருந்து ஏதோ குடித்துக்கொண்டிருந்தார்கள். தலை சுவரில் இருந்தது. மான் சுட்டவர்கள் தலையைச் சுவரில் அடிப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அப்படியே இருந்தது. கீழே பலகை. தமிழ் எல்லாவற்றுக்கும் அடியில், சின்ன எழுத்தில். போரின் அழிவிலிருந்து மீட்கப்பட்டது என்று ஒரு வரி. கோயில் பூசாரியால் பாதுகாப்புக்காகக் கையளிக்கப்பட்டது என்று இன்னொரு வரி.

அண்ணன் அதைத் திரும்பவும் வாசித்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். தன் கையால் கிடங்கு வெட்டியவர், என் கூடப் பிறந்தவர், என் முகத்தில் ஏதோ தேடினார். அந்தப் பார்வையை என் அண்ணனின் கண்ணில் வைத்ததும் நீங்கள்தான்.

நீங்கள் வந்தீர்கள். பருத்திச் சட்டை, மெல்லிய குரல். மரியாதைக்குக் குறைவில்லை.

"இருங்கோ அம்மா. தேத்தண்ணி குடிப்பமே?"

"இது எங்கட குதிரை" என்றேன்.

"சந்தோசம். அருமையான வேலைப்பாடு. நான் எடுக்காட்டிக் கறையான் திண்டிருக்கும்."

"முதிரையையோ ஐயா? கறையானுக்குப் பல்லெல்லோ உடையும்" என்றார் அண்ணன். "உடம்பு எங்களிட்ட நிக்குது. மண்ணுக்குள்ள கிடந்தும் ஒண்டும் ஆகேல்லை. பிடரியில கடைசிச் சுருளைப் பாருங்கோ, பாதி இதில இருக்கு. மற்றப் பாதி எங்கட கொட்டிலில."

நீங்கள் பார்க்கவில்லை. நான் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு ஏறினேன். வரவேற்பில் இருந்த பிள்ளை, "அம்மா, தொடக்கூடாது" என்று ஓடி வந்தாள். குதிரையின் வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டினேன். வந்தது. காய்ந்து, கறுத்து, கல்லைப் போல நாலைந்து பயறு. உங்கள் மேசையில், தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன். எங்கள் ஊர்ச் சனத்தின் பயறு. வைத்தவர்களில் எத்தனை பேர் இன்று இல்லை.

"எலி கொண்டுபோய் வைச்சிருக்கும்" என்றீர்கள்.

"உங்கட ஹோட்டலில எலியும் இருக்குதோ?" என்று கேட்டார் அண்ணன். அந்தப் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டாள்.

"ஆர் தந்தது?" என்று நான் கேட்டேன்.

"எழுதியிருக்குதே. பூசாரி."

"பூசாரி என்ர மனிசன்."

நீங்கள் சீனியைக் கலக்கிக்கொண்டிருந்தீர்கள். சீனி எப்போதோ கரைந்துவிட்டது. கலக்கிக்கொண்டே இருந்தீர்கள்.

"அப்ப நீங்கள் அவரைத்தான் கேக்க வேணும் அம்மா."

"எப்ப தந்தவர்?"

"சண்டை முடிஞ்ச கையோடை."

"எங்க வைச்சு?"

"உங்கட ஊரிலதான்."

"அந்த நேரம் ஊரில ஒரு சனமும் இல்லை. எங்களை விடேல்லை. அவர் முகாமில தலைக்காயத்தோட கிடந்தவர். நீங்கள் என்னெண்டு உள்ள போனனீங்கள்?"

நீங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தீர்கள். ஒரு சந்திப்பு இருக்கிறது என்றீர்கள். எழும்பி நின்றபடி கேட்டீர்கள்.

"உடம்பு நல்ல நிலையிலயோ இருக்கு? அதையும் கொண்டாருங்கோவன். சேர்த்து வைச்சால் முழுசா இருக்கும். உங்கட கோயிலுக்குப் புதுக் குதிரை ஒண்டு செய்விச்சுத் தரலாம். பைபர் கிளாசில. தூக்கவும் லேசு."

நான் கதிரையைத் திரும்ப இருந்த இடத்தில் வைத்தேன். கழுத்தை அரிந்தவர் உடம்பையும் கேட்கிறார், அதுவும் உதவி செய்கிற முகத்தோடு. அண்ணன் பயறை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டார். தேத்தண்ணீரை நாங்கள் குடிக்கவில்லை.

திரும்பும் பஸ் வவுனியாவைத் தாண்டியபோது அண்ணன் சொன்னார். "பிள்ளை, நான் அப்பிடிப் பார்த்ததை மச்சானுக்குச் சொல்லாத." நான் சொல்லவில்லை.

ஆனால் பலகையின் படம் எங்களுக்கு முன்பே ஊருக்குப் போய்விட்டது. கலியாணத்துக்குப் போனவர்கள் யாரோ எடுத்து அனுப்பியிருந்தார்கள். "எழுத்திலயே போட்டிருக்கினம்" என்றாள் முன்வீட்டுக்காரி. அண்ணன் சபையில் போய்ச் சுருளைப் பற்றிச் சொன்னார், பயறைக் காட்டினார். குதிரை எங்களுடையது என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பூசாரிதான் விற்றார் என்பதிலும் இப்போது யாருக்கும் சந்தேகம் இல்லை. பூசாரியின் மனைவியும் மச்சானும் வேறென்ன சொல்வார்கள் என்று கேட்டார்கள்.

இவ்வளவும் நான் தாங்குவேன். தாங்க முடியாதது ஒன்று நடந்தது. என் கணவர் அந்தப் படத்தைப் பார்த்தார். பலகையில் இருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தார். அன்று பின்னேரம் மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"இஞ்சேர். நான் குடுத்தனானோ?"

"என்ன கதை இது? இல்லையப்பா."

"மறந்திருப்பன். தலைக்குள்ள இரும்பு கிடக்குதெல்லோ. ஆரும் ஒரு பெரிய மனிசன் வந்து, காப்பாத்தித் தாறன் எண்டு கேட்டிருப்பார். நான் நம்பிக் குடுத்திருப்பன்."

"எழும்பவே ஏலாமல் கிடந்தனீங்கள். நான்தானே பக்கத்தில இருந்தனான்."

"வடிவாத் தெரியுமோ உமக்கு?"

"தெரியும்."

தலையாட்டினார். மறுநாள் காலையில் திரும்பவும் கேட்டார். இப்போது அடிக்கடி கேட்கிறார். நான் சொன்னால் சிறிது நேரம் நம்புகிறார். பிறகு, எனக்காக இவள் பொய் சொல்கிறாள் என்று நினைக்கிறார் போலிருக்கிறது. ஒருநாள் என்னிடம், "குடுத்திருந்தால் சொல்லும், நான் கோவிக்க மாட்டன்" என்றார். படுக்க வைக்க மாட்டேன் என்று செல்லுக்கு நடுவில் நின்று கிணறளவு வெட்டுவித்த மனிதர் அவர். இப்போது தன்னையே அவர் நம்பவில்லை. குதிரையின் தலையை நீங்கள் வாளால் எடுத்தீர்கள். இவருடையதை ஒரு பலகையால் எடுத்துவிட்டீர்கள்.

உங்களுக்கு மேடைகளில் பொன்னாடை போர்த்துகிறார்கள் என்று அறிந்தேன். வன்னியின் கலைச்செல்வத்தை மீட்டவர் என்கிறார்களாம். மீட்டவர் என்றால் உரியவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். எங்களை எங்கள் காணிக்குள் விடாத நாட்களில் உங்களை யார் உள்ளே விட்டது? வைக்கோலுக்குள் தலை இருப்பதை யார் காட்டியது? வாள் யாருடையது, பிடித்தது யார், அரிந்தது யார்? முழுவதையும் தோண்டி எடுக்க உங்களுக்கு ஏன் பொறுமை இல்லை? இதையெல்லாம் என்னிடம் வந்து காதுக்குள் சொல்ல வேண்டாம். கடிதமும் போட வேண்டாம்.

வருகிற வேட்டைத் திருவிழாவுக்கு எங்கள் கோயில் முற்றத்துக்கு வாருங்கள். முழுச் சனமும் நிற்கும். அவரை வேலியோரத்திலிருந்து நான் முன்னுக்குக் கூட்டிவருவேன். அவருடைய முகத்தைப் பார்த்து, இந்த மனிதர்தான் தலையை என் கையில் தந்தார் என்று ஒலிபெருக்கியில் சொல்லுங்கள். சொல்ல முடியாதென்றால், இவர் தரவில்லை, நான் பொய் எழுதினேன் என்று அதே ஒலிபெருக்கியில் சொல்லுங்கள். நான் சொல்லி அவர் நம்பவில்லை. நீங்கள் சொன்னால்தான் நம்புவார். அவர் காது கேட்கச் சொல்லுங்கள்.